இரு நீருக்கு நடுவே ஒரு குழாய்ச்சுவர்

பாய்மரப் படகுகளில் காற்று ஓய்ந்த வேளைக்கும் துறைமுகத்துக்குள் நுழைவதற்கும் துணையாக வைக்கப்படும் சிறு டீசல் எஞ்சினில், கூலன்ட் எனப்படும் குளிர்விப்பு நீர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதும், எஞ்சினுக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூடக் காணப்படாததும் பழுது பார்ப்போர் நன்கறிந்த புதிர். நிலத்தில் ஓடும் வாகனத்தின் ரேடியேட்டர் ஒழுகினால் தரை நனைந்து காட்டிக்கொடுக்கும். படகிலோ, கசிந்த நீர் எவர் கண்ணிலும் படாமல் கடலோடு கலந்துவிடுவதற்கான வழி எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த அமைப்பு டீசல் எஞ்சினோடு பிறந்ததன்று. கடல்நீரையும் நன்னீரையும் மெல்லிய உலோகச் சுவரொன்றால் பிரித்து வைப்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் நீராவிக் கப்பல்கள் பட்ட பாட்டின் வழிவந்தது அது.

தொடக்ககால நீராவிக் கப்பல்கள் கொதிகலனுக்குக் கடல்நீரையே ஊட்டின. வேலை முடித்து வந்த நீராவியின்மீது கடல்நீரைப் பீய்ச்சி அதை மீண்டும் நீராக்கியதால், திரும்பக் கிடைத்ததும் உப்பு நீராகவே இருந்தது. கடல்நீரின் எடையில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு உப்பு என்பதால், கொதிகலன் நீரின் செறிவைக் காட்டும் உப்புமானியின் அளவுகோலைப் பொறியாளர்கள் 32இன் கூறுகளாகவே பிரித்திருந்தனர். முள் இரண்டு அல்லது மூன்று கூறுகளை எட்டியதும், கொதிக்கும் நீரில் ஒரு பகுதியைக் கடலுக்குத் திறந்துவிட்டுப் புதுநீர் ஏற்றினர். எரித்த நிலக்கரியில் ஒரு பங்கு இவ்வாறு கடலைச் சூடாக்கவே செலவாயிற்று. கடல்நீரிலுள்ள கால்சியம் சல்ஃபேட்டோ வெப்பம் ஏற ஏறக் கரையும் தன்மையை இழக்கும் பொருளாதலால், கொதிகலனின் உட்சுவரில் கல்லைப்போல் இறுகிப் படிந்தது. நீராவியின் அழுத்தத்தை உயர்த்தினால் வெப்பநிலையும் உயர்ந்து படிவும் பெருகும் என்பதால், குறைந்த அழுத்தத்திலேயே எஞ்சின்கள் முடங்கிக் கிடந்தன.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த சாமுவேல் ஹால் 1834இல் காப்புரிமை பெற்ற கண்டன்சர் இதற்கு விடையாக வந்தது. கண்டன்சர் என்பது நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலம். ஹால் அமைத்த வகையில் நீராவி குழாய்ச்சுவரின் ஒருபுறமும் கடல்நீர் மறுபுறமும் ஓடியதால் வெப்பம் மட்டும் கடந்ததே அன்றி நீரும் நீரும் கலக்கவில்லை. 1838 ஏப்ரலில் அட்லாண்டிக்கைக் கடந்து, பின்தொடர்ந்த ‘கிரேட் வெஸ்டர்ன்’ கப்பலுக்குச் சற்று முன்பாக நியூயார்க்கை அடைந்த ‘சிரியஸ்’ இத்தகைய கண்டன்சரைக் கொண்டிருந்தது. எனினும் இம்முறை உடனே வேரூன்றவில்லை. சிலிண்டர்களுக்கு மசகாக ஊற்றப்பட்ட விலங்குக் கொழுப்பு நீராவியோடு வந்து குழாய்களை அடைத்தது. பின்னர் அதுவே அமிலமாகச் சிதைந்து கொதிகலனை அரித்தது. 1860களில்தான் உயரழுத்த எஞ்சின்களின் தேவை உந்த, இத்தகைய கண்டன்சர் பொதுவழக்காயிற்று.

பிரித்துவைத்த சுவர் மெல்லியதாயின் அது துளைபடும் என்பது அடுத்த சிக்கல். கடல்நீரில் உலோகம் அரிக்கப்படுவதை மின்வேதி நிகழ்வாகக் கண்டு, கப்பலின் அடிப்புறத்தைப் போர்த்திய செம்புத் தகட்டைக் காக்க அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைக்கலாம் என்று வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824இலேயே காட்டியிருந்தார். செம்பு காப்பாற்றப்பட்டது, ஆனால் அரிபடாத செம்பில் சிப்பியும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டதால் பிரிட்டிஷ் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. கப்பலின் அடிப்புறத்தில் தோற்ற அந்தக் கருத்து இன்றும் படகு எஞ்சினின் வெப்பப் பரிமாற்றிக்குள் விரல் பருமனுள்ள துத்தநாகத் துண்டாகப் பலியாகிக்கொண்டிருப்பது, டேவிக்குத் தாமதமாகக் கிடைத்த நீதி எனலாம். கண்டன்சர் குழாய்களோ 70 பங்கு செம்பு, 29 பங்கு துத்தநாகம், ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த பித்தளையால் செய்யப்பட்டும் தப்பவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் இக்குழாய்கள் தொடர்ந்து ஓட்டையானதைப் பிரிட்டிஷ் கடற்படையினர் ஒரு நோயாகவே கருதி ‘கண்டன்சரைட்டிஸ்’ என்று பெயரிட்டனர். அலுமினியப் பித்தளையும் செம்பு-நிக்கல் கலவையும் பின்னர் அந்த நோயைத் தணித்தன.

அக்காலத்துப் பொறியாளர்கள் கசிவைக் கண்டறிந்த விதம் விரிவாக நோக்கத்தக்கது. கண்டன்சரின் நீராவிப் பக்கம் ஏறத்தாழ வெற்றிடமாக இருந்ததால், துளை விழுந்தால் கடல்நீர் உள்ளே உறிஞ்சப்பட்டது. ஆகவே கொதிகலனுக்குச் செல்லும் நீரில் சிறிது எடுத்து, அதில் சில சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்த்தனர். நீர் பால்போல் வெளுத்தால் உப்பு புகுந்துவிட்டது என்று பொருள். ஓட்டையான குழாய் எதுவென்று அறிய, கடல்நீரை வடித்துவிட்டு, வெற்றிடத்தைத் தக்கவைத்தபடி, குழாய்களின் வாயருகே மெழுகுவத்தியை ஒவ்வொன்றாக நகர்த்துவர். எந்த வாய்க்குள் சுடர் சாய்கிறதோ அந்தக் குழாயே ஓட்டை. அதன் இரு முனைகளிலும் மரத்தக்கை அடித்துவிட்டுப் பயணம் தொடர்ந்தது. நிறுத்திப் பார்க்க நேரமில்லாதபோது குளிர்விக்க வரும் கடல்நீரில் மரத்தூளைக் கொட்டுவதும் உண்டு. வெற்றிடமே அத்தூளைத் துளைக்கு இழுத்துச் சென்று அடைத்தது.

டீசல் எஞ்சின் சிறுபடகுகளுக்குள் வந்தபோது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. மலிவான எஞ்சின்கள் கடல்நீரையே சிலிண்டரைச் சூழ ஓடவிட்டன. ஆனால் உப்பு படியாதிருக்க அவற்றைக் குறைந்த வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது, டீசலோ சூடான சிலிண்டரில்தான் நன்றாக எரியும். ஜப்பானின் யான்மார் நிறுவனம் ஒரே எஞ்சினைக் கடல்நீர் வகையாக 2ஜிஎம்20 என்றும் நன்னீர் வகையாக 2ஜிஎம்20எஃப் என்றும் விற்றது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் முன்னதில் ஏறத்தாழ 42 பாகை செல்சியசிலும், பின்னதில் 71 பாகையிலும் திறக்கத் தொடங்கும். பின்னதில், கிளைக்கால் கலந்த நன்னீர் எஞ்சினுக்குள் சுற்றிவந்து, வெப்பப் பரிமாற்றியில் கடல்நீர்க் குழாய்களைத் தழுவிக் குளிர்கிறது. கடல்நீர் அங்கிருந்து புகைப்போக்கியின் வளைவில் செலுத்தப்பட்டுப் புகையோடு வெளியேறுகிறது. உருவில் சிறியதாயினும் இது ஹாலின் கண்டன்சரே.

அழுத்தத்தின் திசை மட்டும் தலைகீழாகிவிட்டது. நன்னீர்த் தொட்டியின் மூடி அழுத்தத்தை உள்ளே அடைத்து வைப்பதால், எஞ்சின் ஓடும்போது துளை வழியே நன்னீர்தான் கடல்நீருக்குள் தள்ளப்பட்டுப் புகையோடு போய்விடுகிறது. எஞ்சினுக்கு அடியிலுள்ள குழி உலர்ந்தே கிடப்பதன் காரணம் இதுவே. எனவே ஆய்வும் மறுபுறத்தில் நடக்கிறது. ஆறிய எஞ்சினின் மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியோடு கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடிக்குரிய அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றியபின், கடலடைப்பு வால்வை மூடிப் பரிமாற்றியின் கடல்நீர்க் குழாயைக் கழற்றி வைத்தால், துளை இருக்குமாயின் அங்கே கூலன்ட் நிறத்தோடு சொட்டும். சொட்டாமல் முள் மட்டும் இறங்கினால் ஐயம் பம்பின் சீல், ஹோஸ் இணைப்புகள், குளியல்நீர் சூடாக்கும் தொட்டி ஆகியவற்றின்மேல் திரும்புகிறது. ஓடும் எஞ்சினின் தொட்டியில் குமிழிகள் இடைவிடாது எழுந்தாலோ, ஆவி கலையாத வெண்புகையில் இனித்த வாடை வீசினாலோ, சிலிண்டர் தலையின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் வழியே சிலிண்டருக்கும் நன்னீருக்கும் தொடர்பு ஏற்பட்டிருக்கக்கூடும். எல்லாம் சரியாக இருந்தும் நீர் குறைந்தால், மூடியின் சுருள்வில் தளர்ந்திருப்பதே காரணமாக இருப்பதும் அரிதன்று. அதை முதலில் பார்ப்பதே முறை.

மரத்தூளின் வாரிசாகக் கடைகளில் விற்கப்படும் கசிவடைப்புக் கலவைகள் துளையை அடைப்பதோடு பரிமாற்றியின் குறுகிய வழிகளையும் அடைக்க வல்லவை என்பதால் தேர்ந்தவர்கள் அவற்றை விரும்புவதில்லை. தக்கை அடிக்கும் முறைமட்டும் மாறாது நிற்கிறது: ஆயிரக்கணக்கான குழாய்களைக் கொண்ட கண்டன்சரில் பல குழாய்களை இழந்தும் கப்பல் ஓடியது, சில பத்துக் குழாய்களே உள்ள படகுப் பரிமாற்றியில் ஒன்றிரண்டை அடைத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டித் துறைமுகம் சேரலாம், அதற்குமேல் புதிய குழாய்க் கட்டு தேவைப்படும்.