இண்டர்ஃபெரான்: காவக்காரன் போட்ட கூச்சல்

எங்க திருவேங்கடம் பக்கம் பொம்பளைப் பிள்ளைங்க கன்னத்துல செவப்பா ஏதாவது படர்ந்தா ரெண்டே தீர்ப்புதான். ஒண்ணு, வெயில்ல பருத்தி எடுக்கப் போனதால விழுந்த மங்கு. இல்லைன்னா, சங்கரன்கோவில் போய் கோமதியம்மன் கோயில் புற்றுமண் வாங்கிப் பூசு. எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு ரெண்டுமே ஆச்சு. விரல் மூட்டு வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், கொத்துக் கொத்தா முடி உதிர்றது, எல்லாத்துக்கும் தனித்தனியா வைத்தியம். கால் வீங்கின பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனாங்க. லூபஸ்னு பேரு தெரியறப்போ அது கிட்னி வரைக்கும் போயிருந்தது. (புற்றுமண்ணைக் குறை சொல்லல, நானும் பூசினவன்தான். ஆனா மூட்டு வலியோட சேர்ந்து வர்ற செவப்பு, தோலோட நிக்கிற சங்கதி இல்லாம இருக்கலாம்.)

"நம்ம ரத்தமே நம்மளைக் கடிக்குன்னு டாக்டர் சொல்றாரு தம்பி, அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"ன்னு அக்கா கேட்டாங்க. அதுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு. முதல்லயே டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, உரக்கடையில கணக்கு எழுதுறவன். இங்கே சரித்திரம் மட்டும்தான் கிடைக்கும் :-)

1957ல ரெண்டு விஷயம் நடந்தது. லூபஸ் நோயாளிங்க ரத்தத்துல டிஎன்ஏவையே போய்ப் பிடிக்கிற ஆன்டிபாடி இருக்குன்னு சில ஆய்வுக்குழுக்கள் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. கடிக்கிறது எதுன்னு தெரிஞ்சு போச்சு. ஏவி விடுறது யாருன்னு தெரியல.

இன்னொண்ணு லண்டன் மில் ஹில்ல. அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன்னு ரெண்டு பேர். கோழி முட்டைக் கருவோட சவ்வை எடுத்து, சூட்டுல செத்துப்போன ஃப்ளூ வைரஸோட ஊற வச்சாங்க. அந்தத் தண்ணியைப் புதுச் சவ்வு மேல விட்டு, அப்புறமா உயிருள்ள வைரஸை விட்டா, அது வளர மாட்டேங்குது! வைரஸ் தொட்ட செல் ஏதோ ஒரு புரதத்தை வெளியே விட்டுப் பக்கத்து செல்லுங்களை உஷார் பண்ணுது. கம்மங்காட்டுல பரண் மேல நின்னு காவக்காரன் சத்தம் கொடுப்பான்ல, அதே வேலை. வைரஸ் வேலையில குறுக்கிடுறதால இண்டர்ஃபெரான்னு பேர் வச்சாங்க. இப்படிச் செல்லுக்குச் செல் தகவல் சொல்ற புரதங்களுக்கு மொத்தமா சைட்டோகைன்னு பேரு. ஐசக்ஸ் பாவம், 1967ல 45 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார்.

ஒரே வருஷம் கிடைச்ச இந்த ரெண்டு நுனியும் ஒண்ணையொண்ணு தொட 22 வருஷம் ஆச்சு. 1979ல அமெரிக்காவுல ஹூக்ஸ் குழு, லூபஸ் மாதிரியான நோய் இருக்கிறவங்க ரத்தத்துல இண்டர்ஃபெரான் ஓடுறதைக் காட்டினாங்க. லூபஸ் தீவிரமா இருந்தவங்ககிட்ட அதிகம். ஆனா களவு போன வீட்டு வாசல்ல காவக்காரன் நிக்கான்னா, அவன்தான் களவாண்டான்னு சொல்லிற முடியுமா?

1990ல சுவீடனோட உப்சாலாவுல இருந்து வந்த செய்திதான் என்னை நிமிர்ந்து உக்கார வச்சது. கார்சினாய்டுங்கிற ஒருவகைக் கட்டிக்கு மருந்தா இண்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்த ஒருத்தருக்கு லூபஸ் வந்துருச்சு. ஒரே ஒரு நோயாளிதான், ஆனா எவ்வளவு பெரிய துப்பு! 2003ல டாலஸ்லயும் மின்னசோட்டாவுலயும் ரெண்டு குழுக்கள், நோயாளிங்க ரத்தத்துல ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே மூச்சுல அலசினாங்க. இண்டர்ஃபெரான் தட்டி எழுப்புற ஜீன்கள் பலர்கிட்ட கூட்டமா முழிச்சிட்டு இருந்தது. வைரஸ் வந்த மாதிரியே உடம்பு கிடக்கு.

அக்கா கேள்விக்குப் பதில் இங்கதான் வருது. செத்த செல்லுல இருந்து சிதறுற டிஎன்ஏவை அந்த ஆன்டிபாடி பிடிச்சுக்குது. ரெண்டும் சேர்ந்து ஒருவகை வெள்ளை அணுவுக்குள்ள போகுது. அங்க டிஎல்ஆர்9னு ஒரு உணரி, கிருமியோட டிஎன்ஏவை மோப்பம் பிடிக்க இருக்கிறது. இது நம்ம சொந்தக் குப்பைன்னு அதுக்குத் தெரியல. கூச்சல் போடுது, இண்டர்ஃபெரான் பெருகுது, அதைக் கேட்டு இன்னும் ஆன்டிபாடி, இன்னும் குப்பை. செக்குமாடு மாதிரி ஒரே சுத்து.

அப்போ காவக்காரன் வாயைக் கட்டிட்டா? அது அவ்வளவு லேசு இல்லை. லூதியானாவுல பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டன்ல 1992ல முடக்குவாதக்காரங்களுக்கு டிஎன்எஃப்ங்கிற இன்னொரு சைட்டோகைனைத் தடுக்கிற மருந்து கொடுத்து ஜெயிச்சாங்க. ஆனா அந்த மருந்து வாங்கின சிலருக்கு டிஎன்ஏ ஆன்டிபாடி தலைகாட்டுச்சு, அபூர்வமா லூபஸ் மாதிரியே நோயும் வந்தது. டிஎன்எஃப் அடங்கினா இண்டர்ஃபெரான் எகிறுதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. இண்டர்ஃபெரான் குரல் செல்லுக்குள்ள நுழையற வாசலையே அடைக்கிற அனிஃப்ரோலுமாப், 2021லதான் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. அதுவும் ரெண்டு பெரிய சோதனையில முதலாவது குறி தவறி, அடுத்தது கைகொடுத்த பிறகு.

நம்மாளுங்க சங்கதி என்ன? புதுச்சேரி ஜிப்மர்ல இருந்து 2015ல ஒரு கட்டுரை வந்தது. தென்னிந்தியத் தமிழர்களுக்கு லூபஸ் வர்றதுல, டிஎல்ஆர்2, டிஎல்ஆர்9 ஜீன்கள் மேல இயற்கைத் தேர்வு கொடுத்த அழுத்தத்துக்கும் பங்கு இருக்கலாம்னு. ('லாம்'மைக் கவனிங்க.) நான் புரிஞ்சுக்கிட்டது: காய்ச்சலும் கழிச்சலும் அள்ளிட்டுப் போன காலத்துல, சீக்கிரம் கூச்சல் போட்ட உடம்புதான் மிஞ்சியிருக்கும். அந்தச் சொத்து நம்ம கைக்கு வந்திருக்கு, கடனோட சேர்த்து.

இதுல மலேரியா சந்தேகம் பழசு. நைஜீரியாவுல இந்த மாதிரி நோய்கள் ரொம்பக் குறைவா இருக்கேன்னு பிரையன் கிரீன்வுட் 1968லயே எழுதினார். லூபஸ் வர்ற ஜாதி எலிகளுக்கு மலேரியா ஏத்தினா நோய் அடங்குதுன்னு 1970ல காட்டினார்.

இன்னொரு வேடிக்கை, லூபஸுக்குக் காலம் காலமா கொடுக்கிற மாத்திரையே மலேரியா மாத்திரைதான். 1894ல லண்டன்ல பெய்ன்ங்கிற டாக்டர் கொய்னா கொடுத்துப் பார்த்தார். 1951ல பேஜ் மெபாக்ரின் கொடுத்தார். 1955ல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வந்தது. எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாமலே அதைப் பல பத்து வருஷம் கொடுத்தாங்க. அது அந்த டிஎல்ஆர்9 மூக்கைப் பொத்தி இண்டர்ஃபெரானைக் குறைக்குதுங்கிறது பின்னாடிதான் புரிஞ்சது. இன்னைக்கும் லூபஸுக்கு முதல் மாத்திரை அதுதான், விலையும் கம்மி. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு அது கேக்கும்னு யாரோ கிளப்பிவிட, ஊரெல்லாம் வாங்கிப் பதுக்கி, தினமும் அதைப் போட்டே ஆகவேண்டிய லூபஸ்காரங்க மெடிக்கல் மெடிக்கலா அலைஞ்சாங்க. ஜூன்ல பிரிட்டன்ல நடந்த பெரிய சோதனை, கொரோனாவுல ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்களுக்கு அதால பிரயோஜனம் இல்லைன்னு சொல்லிருச்சு.