சாட்சிக்கூண்டு – 14: பதினெட்டுப் பெண்களின் சொல்

இந்த வாரம் தருமபுரி கோர்ட்டுக்குள், வாச்சாத்தி வழக்கின் தீர்ப்பு நாளான 2011 செப்டம்பர் 29-க்குள் நுழைந்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு காரியமாக இளையரசனேந்தல் போக வேண்டி வந்தது. டீக்கடை பெஞ்சில் இந்தத் தொடரை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"வேற சாட்சி இல்லாம, பாதிக்கப்பட்ட பொம்பளைங்க சொன்னதை மட்டும் வச்சு கோர்ட்டு எப்படிய்யா நம்பும்?"

வருவாய்த்துறைக்குக் கோவில்பட்டி, யூனியனுக்குக் குருவிகுளம் என்று பல வருஷம் அலைந்த ஊர்க்காரர். எந்த ஆபீஸ் யார் சொல்லை நம்பும் என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு சங்கதியை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே அதைச் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளானவளின் சொல் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும் என்று 1996-ல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அப்போதும் அதே சட்டத்தின் இன்னொரு மூலையில், அவள் 'நடத்தை கெட்டவள்' என்று காட்டி அவள் சொல்லை உடைக்க ஓர் உட்பிரிவு இருந்தது. 1872-ல் வந்தது, 2002-ஆம் வருஷத் திருத்தச் சட்டத்தில்தான் போனது. எழுதிய வெள்ளைக்காரனைக்கூட விட்டுவிடலாம். சுதந்திரத்துக்குப் பிறகும் அரை நூற்றாண்டு அதைக் கட்டிக் காத்த நம்மவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

வாச்சாத்தி கிராமத்தின் அந்தப் பதினெட்டுப் பெண்களுக்கு அதுவும் போதாதென்று இன்னொரு சுவர். 1992 ஜூன் 20 பகலில் காக்கிச் சட்டைக்காரர்கள் ஏரியில் அவர்கள் மேல் நடத்திய பாலியல் வன்முறையை முன்பே பார்த்தோம். அன்றிரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் அந்தப் பெண்கள் கையிலேயே விளக்குமாற்றைக் கொடுத்து, ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரை அடிக்கச் சொன்னார்கள். பிறகு சேலம் சிறை. புகார் கொடுக்க வேண்டியவர்கள் சந்தன மரக் கடத்தல் கைதிகள் ஆனார்கள். கைதியின் சொல் எங்கே எடுபடும்? பொறுப்பான அதிகாரிகள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று ஒரு கட்டத்தில் உயர் நீதிமன்றமே நியாயம் கேட்டுப் போட்ட மனுவைத் தள்ளியது. காக்கிச் சட்டைக்கு அவ்வளவு எடை!

இங்கேதான் பாமதி வருகிறார். இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது; ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி; அப்போது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர். எதுவுமே நடக்கவில்லை என்று அரசு மறுத்துக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில் அவர் விசாரித்தார். பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை எழுதினார். அதிகாரிகளுக்கு எதிராக ஓர் அதிகாரியின் கையெழுத்து. பெரிய தலைவர்கள் பலரை இந்தத் தொடரில் கொண்டாடியிருக்கிறேன். பாமதியை அவர்களுக்கு ஒரு படி மேலே வைப்பேன். 1995-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டபோது அந்தப் பெண்களின் சொல் உயிரோடு மிஞ்சியிருந்ததில், என் கணக்கில், அவர் பங்கு பெரிது.

பாருங்கள், தீர்ப்பு நாளுக்கு இடமே இல்லை. கணக்கை மட்டும் எழுதிவிடுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனவர்கள் 54 பேர். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி கோர்ட். அவர்களில் 17 பேர் மேல் பாலியல் வன்முறைக் குற்றம் உறுதியானது. அப்பீலுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் பெண்களின் சாட்சியத்தை ஏற்று அப்பீலைத் தள்ளுபடி செய்தது 2023-ல், அதே செப்டம்பர் 29-ல்.