ஷத்ரஞ்சும் அரசனின் இருப்பிடமும்

சதுரங்கத்தின் இறுதிக்கட்டத்தில் பலகை ஏறத்தாழ வெறுமையாகிவிடுகிறது. எஞ்சுவோர் இரண்டு அரசர்கள். ஒரு தரப்பில் மட்டும், மறிக்க எதிர்ச் சிப்பாய் ஏதுமற்ற ஒரு சிப்பாய். ஆட்டம் அறியாதவர் சிப்பாயை நோக்குவார்; அறிந்தவர் அரசன் நிற்கும் கட்டத்தை நோக்குவார். தன் சிப்பாய்க்கு நேர்முன்னே ஆறாம் வரிசையில் அரசன் இடம்பிடித்துவிட்டால், எதிர் அரசன் எதிரே வந்து மறித்தாலும், ஓரச் சிப்பாய் அல்லாதவரை வெற்றி உறுதி. மாறாக அரசன் பின்தங்கிச் சிப்பாய் முந்திவிட்டால், ஏழாம் வரிசைவரை சென்றும் பயனில்லாது போகலாம்: எதிர் அரசன் நகர வழியின்றி நிற்க, ஆட்டம் சமனில் முடியும்.

சமன் என்பது இன்றைய விதி. அப்பாஸியர் காலத்துப் பாக்தாதில் அதே நிலை தோல்வியாகவே கொள்ளப்பட்டது. நகர வழியற்றவன் தோற்றான். படையனைத்தும் இழந்து தனித்த அரசனும், அடுத்த நகர்விலேயே எதிரியையும் அவ்வாறு தனிப்படுத்த இயலாவிடில், தோற்றான். கடைசி வரிசையை எட்டிய ‘பைதக்’ என்னும் சிப்பாய், மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும் ‘ஃபிர்ஸான்’ ஆகவே உயர்வு பெற்றது. இந்த அமைச்சருக்குப் பலகையின் 64 கட்டங்களில் பாதிக்கு மேல் எட்டாது. ஆகவே துரத்துவதும் காப்பதும் அரசனின் பொறுப்பாயின.

இந்தியாவில் பிறந்த ஆட்டத்தை முஸ்லிம்கள் ஐரோப்பாவுக்குச் சுமந்து சென்றனர் என்று மட்டும் எழுதிச் செல்வோர் உளர். இது குறைக்கணக்கு என்றே நாம் கருதுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-அத்லீயும் அவருக்குப் பின்வந்த அஸ்-ஸூலியும் எந்தெந்த இறுதிநிலை வெற்றி, எது சமன் என வகைப்படுத்தி எழுதினர். ‘மன்ஸூபாத்’ எனப்படும் புதிர்நிலைகள் தனிக் கலையாகவே வளர்ந்தன. வரலாற்றாசிரியருமான அஸ்-ஸூலி, கலீஃபா அல்-முக்தஃபியின் அவையில் அல்-மாவர்தீ என்ற ஆட்டக்காரரை வென்றவர். தரப்புக்கு ஓர் அரசனும் ஓர் அமைச்சருமே கொண்ட அவருடைய ஒரு புதிர் ‘ஸூலியின் வைரம்’ எனப் பெயர்பெற்றது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில்தான் ரஷ்ய மேதை யூரி அவெர்பாக் அதன் தீர்வை வெளியிட்டார்.

(ஆட்டம் கூடுமா என்ற வினா வாசகர் மனத்தில் எழும். சூதும் தொழுகைத் தவறலும் கலவாதவிடத்து ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் அதனை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். ஏனைய மத்ஹபுகள் கடுமை காட்டின.)

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அமைச்சரை வலிமைமிக்க ராணியாக்கினர். அதன்பின் மறிப்பாரற்ற சிப்பாய் ஒன்றே ஆட்டத்தை வெல்லப் போதுமானதாயிற்று. அரசனின் வேலையும் அச்சிப்பாயை வழிநடத்துவதோ வழிமறிப்பதோ ஆயிற்று.

பழைய மரபின் தடத்தை மீர் சுல்தான் கானிடம் காணலாம். பஞ்சாபில், சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் இந்திய விதிகளில் ஆடி வளர்ந்தவர் அவர். சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டிலும் 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கப்பபிளாங்காவை வென்றார். தொடக்க ஆட்டத்தில் தடுமாறிய அவர் இறுதிக்கட்டத்தில் அஞ்சத்தக்கவராய் இருந்ததற்கு, நிதானமாய் நகரும் அவ்விதிகளும் ஒரு காரணம் என்பது நம் ஊகம். 1966இல் மறைந்த அவருக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.