சாதிக்காய்த் தோப்பில் ஒரு தமிழூர்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவன கோயிலும் கோட்டையும் கல்வெட்டுமே. இவை இல்லாத ஊர்களுக்கும் வரலாறு உண்டு. பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே குளுகோர்ப் பகுதியில் இருந்து மறைந்த கம்போங் புவா பாலா அத்தகைய சிற்றூர்.

ஊரின் பெயரே அதன் முதற்சான்றாகும். ‘புவா பாலா’ என்னும் மலாய்த் தொடருக்குச் சாதிக்காய் என்பது பொருள். வடமொழியில் இது ‘ஜாதிபலம்’ எனப்படும். ‘பலம்’ என்ற சொல்லே மலாயில் ‘பாலா’ ஆயிற்று என்பர்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பின்னர், நறுமணப் பயிர்கள் இத்தீவில் பரவின. ஸ்காட்லாந்து நாட்டவரான டேவிட் பிரவுன் குளுகோரில் பெருந்தோட்டம் அமைத்தார். 1860ஆம் ஆண்டையொட்டிப் பரவிய நோயால் சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. மரங்கள் மறைந்தும் பெயர் மறையவில்லை. அத்தோட்டத்தில் உழைத்த தமிழரின் வழித்தோன்றல்களும் அம்மண்ணை விட்டு அகலவில்லை.

அவர்கள் மாடும் ஆடும் வளர்த்தனர். பால் கறந்து விற்றனர். தென்னை மரங்களும் மாட்டுக்கொட்டில்களுமே அவ்வூரின் அடையாளங்கள். நகரம் நாற்புறமும் சூழ்ந்த பின்னரும், மாட்டுப் பொங்கல் மெய்யாகவே மாடுகளுக்குரிய விழாவாக அங்கு நிகழ்ந்தது. கால்நடைப் பண்ணையைக் களமாகக் கொண்டு 1967 முதல் 1971 வரை ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் பெயரால், இவ்வூரைத் ‘தமிழர் ஹை சாப்பரல்’ என்றும் மக்கள் அழைத்தனர்.

எனினும், தலைமுறைகள் பல வாழ்ந்தும் அம்மக்களிடம் நிலப்பட்டா இல்லை; தற்காலிகக் குடியிருப்பு உரிமமே இருந்தது. நிலம் அரசிடமிருந்து அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கமொன்றுக்குக் கைமாறிற்று. அங்கு அடுக்குமாடி வீடமைப்புத் திட்டம் வகுக்கப்பெற்றது. குடியிருப்போர் நீதிமன்றங்களை நாடினர்; 2009இல் வழக்கு அவர்களுக்கு எதிராக முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பலவற்றுக்கு மாற்று வீடுகள் கிடைத்தன. ஆனால் மாடு கட்ட இடமில்லை. ஊர் என்பது வீடுகளின் தொகை மட்டுமன்று என்பது அப்பொழுது புலனாயிற்று.

இதற்கு ஓராண்டு முன்னர், 2008 ஜூலையில், ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் அதனால் காப்புப் பெற்றன. அது மகிழத்தக்கதே. தோட்டம் கண்ட டேவிட் பிரவுனுக்கு டத்தோ கெராமாட் சாலையருகே நினைவுத்தூண் நிற்கின்றது. அத்தோட்டத்தில் உழைத்தவர்க்கோ தூண் இல்லை. அவர்கள் வாழ்ந்த ஊரே அவர்தம் நினைவுச்சின்னமாக இருந்தது. அதுவும் இன்று இல்லை.

இந்நாட்டில் இத்தகைய தோட்டங்களும் கம்பங்களும் இன்னும் பல உள. அவற்றின் பெயர்களையும், முதியோர் நினைவில் நிற்கும் செய்திகளையும் எழுதிவைத்தல் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் எளிய பணி. கல்லில் எழுதப்பெறாத வரலாற்றை ஏட்டிலேனும் எழுதிவைத்தல் வேண்டும். அதனை ஊர் மறையுமுன் செய்தல் வேண்டும்.