மயிலூற்றுக்கு மேலே நின்று பார்த்த கடல்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைமலைக்குப் போனேன். துறையூர் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு எல்லோரும் போகிறார்கள். நாங்கள் போனது நம் பெரம்பலூர்ப் பக்கம், லாடபுரம் மயிலூற்று அருவிக்கு. துணைக்கு வந்தவர் என் பழைய மாணவர். இப்போது அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை.

அருவியைத் தாண்டி மேலே ஏறுவதற்குள் முழங்கால் கெஞ்சிவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் ஊரும் இல்லை, வயலும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாகப் பனிமூட்டம். "கடல் மாதிரி இருக்குல்ல சார்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழாம் வகுப்பில் இவர் ஒருநாள் காரை ஓடையிலிருந்து சுருண்ட நத்தை போன்ற கல்லைக் கொண்டுவந்து, "எங்க ஊர்ல முன்னாடி கடல் இருந்துச்சாம் சார்" என்றார். வரலாற்று வாத்தியார் நான் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. கல்லை வெளியே போடச் சொன்னேன்.

அவர் சொன்னதுதான் உண்மை. நாங்கள் உட்கார்ந்திருந்த மலைப்பாறை அந்தக் கடலைவிடப் பல மடங்கு பழையது. டைனோசர் காலத்தில் மலைப்பக்கம் நிலமாகவும், காரை, சாத்தனூர் தொடங்கி அரியலூர் வரை கடலாகவும் இருந்தது. மேற்கே நின்ற மரமொன்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடலடிச் சேற்றில் புதைந்து கல்லானது. அதுதான் சாத்தனூர் கல்மரம், 18 மீட்டர் நீளம். 1940இல் அதைக் கண்டறிந்தவர் எம். எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர்.

அவருக்கும் முன்னால், 1860களிலேயே பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டார். இங்கே கிடைத்த சிப்பிகளையும் நத்தைகளையும் வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதியவர் ஸ்டோலிச்கா. மொராவியாக்காரர். 1874இல் லடாக்கில் இறந்துபோனார், கல்லறை லே நகரில் இருக்கிறது. எங்கோ பிறந்த மனிதருக்கு நம் ஓடைக்கல்லின் அருமை தெரிந்திருந்தது. அதே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பானிபட் போரை மூன்று முறை நடத்திய எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடலின் சுண்ணாம்பைத்தான் இன்று சிமென்டாக்கி மூட்டை மூட்டையாக அனுப்புகிறோம். உங்கள் வீட்டுச் சுவரிலும் கொஞ்சம் இருக்கலாம்.

வெயில் ஏறப் பனி விலகி, கீழே சோளக்காடும் ஏரியும் தெரிந்தன. "அந்தக் கல் ஞாபகம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே போய் எடுத்துட்டேன் சார். வீட்ல இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தை மாதம் இருவரும் காரைக்குப் போகிறோம். பிள்ளைகளோடு வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். தொப்பி அவசியம், அங்கே நிழலே கிடையாது. கல்லைப் பார்க்கலாம், தொடலாம். எடுத்து வர வேண்டாம்.