உடைந்த ஒலியின் வரலாறு

மின் கிற்றாரிலே புளூஸ் இசையைப் பயில விரும்பும் இளைஞன் ஒருவன் இன்று முதலிற் கேட்கும் வினா, எந்தப் பெடலை வாங்குவது என்பதாகும். பெடல் எனப்படுவது கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் நின்று ஒலியைக் கரகரப்பாக்குகின்ற, காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு பெட்டி. அதிலே ஓவர்டிரைவ் என்றொரு வகையுண்டு. ஃபஸ் என்று மற்றொரு வகையுண்டு. எது உண்மையான புளூஸ் ஒலியைத் தரும் என்பது பற்றி ஆர்வலரிடையே ஓயாத வாதம் நடைபெறுகின்றது. உள்ளேயிருக்கும் உறுப்புகளின் இலக்கங்களைக்கூட அவர்கள் மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். ஆனால் எந்த ஒலியைப் போலச் செய்வதற்கு அப்பெட்டி ஆக்கப்பட்டதோ அவ்வொலி எவருடையது, எத்தகைய நிலைமைகளிலே பிறந்தது என்று கேட்பார் அரியர். என் பழைய மாணவன் ஒருவன் இவ்வினாவை என்னிடமே கொண்டுவந்தான். தமிழ் படிப்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. எனினும் அவனுக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையை வரலாற்றின் வழியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரைச் சூழவுள்ள பருத்திப் பெருந்தோட்டங்களிலிருந்து இவ்வரலாறு தொடங்குகின்றது. அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் வாரக்குடிகளாகப் பிறர் நிலத்திற் பாடுபட்டு, ஆண்டு முடிவிலே கணக்குப் பார்க்கும்போது கடன்காரராகவே மீண்டனர். அவர்களது பாட்டுக்குத் துணை நின்றது மின்சாரம் அறியாத மரக் கிற்றார். 1944ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, அதே ஊரின் அருகே ஹொப்சன் தோட்டத்தில் பருத்தி பறிக்கும் பொறிகள் வயலில் இறக்கப்பட்டன. கைதேர்ந்த ஒருவர் ஒரு மணி நேரத்திற் பறிக்கக்கூடியது ஏறத்தாழ 20 இறாத்தல்; பொறி பறித்ததோ 1,000 இறாத்தல் வரை. நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருந்த இடப்பெயர்வு இதன் பின் பெருவெள்ளமாயிற்று. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு நீங்கினர். சிக்காக்கோ நகரத்தில் 1910இல் 44,000 அளவினராயிருந்த அவர்களது தொகை 1960இல் எட்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அவ்வாறு ரயிலேறியவர்களுள் ஒருவர்தான் மக்கின்லி மோர்கன்பீல்ட். ஸ்டோவல் தோட்டத்திலே கூலி வேலை செய்து, 1943இல் சிக்காக்கோ சென்று, கடதாசித் தொழிற்சாலை ஒன்றிலே தொழிலாளியானார். மடி வாட்டர்ஸ் என்ற பெயரில் உலகம் அவரை அறியும். பகல் முழுவதும் ஆலையில் உழைத்த மக்கள் இரவிலே கூடிய மதுச்சாலைகளில் அவர் வாசித்தார். அங்கே கூச்சலும் சிரிப்பும் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் நிறைந்திருந்தன. வயல் வெளியின் அமைதியிலே கேட்ட மரக் கிற்றார் அவ்விடத்திற் கேட்கவேயில்லை. ஆகவே மின் கிற்றார் வந்தது. இதனைக் கலைஞன் ஒருவனின் புதுமை வேட்கை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கேட்கப்பட வேண்டும் என்ற தேவையே அதனை அவர் கையிற் கொடுத்தது.

மக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தோர் அயல் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பி இழுத்து மின்சாரம் பெற்றனர். அவர்கள் வாங்கக்கூடியதாயிருந்த அம்பிளிபயர்களோ சிறியவை, மலிவானவை; சியேர்ஸ் போன்ற தபால்வழி விற்பனை நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில் இடம்பெற்றவை. சத்தத்தை மீறி ஒலிக்க வேண்டுமாயின் குமிழை இறுதிவரை திருகுவதன்றி வேறு வழியில்லை. இங்கேதான் பௌதிகவியல் குறுக்கிடுகின்றது. வால்வு எந்த அளவுக்கு ஒலியலையைப் பெருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையைத் தாண்டுமாறு அதனை வருத்தினால் அலையின் முடி மழுங்கிப் போகும். மழுங்கிய அலையிலே மூலச் சுரத்தோடு முன்னர் இல்லாத மேற்றொனிகள் பல சேர்ந்துகொள்ளும். உரத்த ஒலியும் மெல்லொலியும் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால், விரைவில் அடங்கிவிடும் தந்தியின் நாதம் நீண்டு நிற்கும். தம்புராவின் குதிரையிலே நூலிழை செருகி நாதத்தை வளப்படுத்துவோருக்கு இதன் இயல்பு ஓரளவு விளங்கும். மேற்கு ஆபிரிக்காவின் பாலஃபோன் கருவியிலும் சுரைக்குடுக்கைத் துளைகளிலே சிலந்தி முட்டைக்கூட்டின் மெல்லிய சவ்வை ஒட்டி வேண்டுமென்றே இரைச்சல் கூட்டுவர். கரகரப்பைக் குறையென்று கருதாத செவி கறுப்பின இசைஞருக்குப் புதியதன்று. குறையென்று கருதியவர் பொறியியலாளரே. ஒலியின் சிதைவை ஒழிப்பதே அவர்களது கைந்நூல்களின் நோக்கமாயிருந்தது.

1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ஐக் ரேணரின் இசைக்குழு கிளார்க்ஸ்டேலிலிருந்து மெம்பிஸ் நகரத்துக்கு, சாம் பிலிப்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தை நாடிக் காரிற் புறப்பட்டது. வழியிலே கிற்றார்க் கலைஞரான வில்லி கிஸார்ட்டின் அம்பிளிபயர் சேதமடைந்தது. காரின் மேலிருந்து விழுந்தது என்பாரும் மழையில் நனைந்தது என்பாரும் உளர். திருத்துவதற்கு நேரமுமில்லை, வசதியுமில்லை. கிழிந்த ஸ்பீக்கர்க் கூம்பினுள்ளே கடதாசியை அடைத்து வாசித்தனர். இரைந்து உறுமிய அவ்வொலியைப் பிலிப்ஸ் விரும்பினார். 'றொக்கெட் 88' என்ற அவ்விசைத்தட்டைச் சிக்காக்கோவின் செஸ் நிறுவனம் வெளியிட்டது. கறுப்பின மக்களின் இசைக்கான விற்பனைப் பட்டியலிலே அது முதலிடம் பெற்றது. தட்டிலே பெயர் பொறிக்கப்பட்ட பாடகர் ஜக்கி பிரென்ஸ்டன் தம் உரிமையை 910 டொலருக்கு விற்றுவிட்டார் என்று கூறப்படுகின்றது. கிஸார்ட்டின் பெயரை இன்று பெடல் வாங்குவோரிற் பெரும்பாலோர் அறியார்.

விபத்தாக வந்த ஒலி விரைவிலேயே விருப்பத் தேர்வாயிற்று. அதே ஆண்டிலே ஹௌலின் வூல்ஃபின் பதிவுகளில் வில்லி ஜோன்சன் வாசித்த கிற்றார், அப்பாடகரின் கரடுமுரடான குரலுக்கு இணையாக உறுமுவதைக் கேட்கலாம். 1954இல் ஜேம்ஸ் கொட்டன் பாடிய 'கொட்டன் குரொப் புளூஸ்' என்னும் பாட்டு இன்னும் மனங்கொள்ளத்தக்கது. பருத்திப் பயிரை இனிச் செய்வதில்லை என்று சபதம் கூறும் அப்பாட்டிலே பட் ஹெயரின் கிற்றார், சிறிய அம்பிளிபயர் ஒன்றின் நெஞ்சு வெடிக்குமாறு ஒலிக்கின்றது. சொல்லிலுள்ள கோபத்தை ஒலியே ஏற்றுச் சுமக்கின்றது. பெடல் என்ற பொருள் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் இது நிகழ்ந்தது.

பெடல் பிறந்த இடம் புளூஸ் இசைக்கு அயலானது என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை. நாஷ்வில் நகரிலே மாட்டி ரொபின்ஸ் என்னும் வெள்ளையினப் பாடகரின் 'டோண்ட் வொறி' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவுப் பலகையின் ஒரு வழி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறுதந்தி பேஸ் கிற்றார் வண்டுபோல் இரைந்தது. 1961இல் வெளிவந்த அத்தட்டு பெருவெற்றி பெற்றது. அவ்விரைச்சலை மற்றவரும் வேண்டினர். ஒலிப்பதிவாளரான கிளென் ஸ்னொடி, திரான்சிஸ்டர்களைக் கொண்டு அதனைச் செயற்கையாக ஆக்கும் சுற்றை அமைத்துக் கிப்சன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் சந்தைக்கு வந்தது. விற்பனையாளர் அதனைச் சக்சபோன், டியூபா, செல்லோ ஆகியவற்றின் ஒலியைக் கிற்றாரிலே தருவதென விளம்பரப்படுத்தினர்! தங்கள் கையிலிருந்த பொருள் யாதென்று அவர்களுக்கே விளங்கவில்லை. வாங்குவாரும் அதிகமில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'சற்றிஸ்பெக்‌ஷன்' பாட்டிலே அதனைப் பயன்படுத்திய பின்னரே தேங்கிக் கிடந்தவை விற்றுத் தீர்ந்தன. இங்கிலாந்தின் அவ்விளைஞர்கள் தம் குழுவின் பெயரையே மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து எடுத்தவர்கள்.

1966இல் இலண்டனிலே ஆர்பிட்டர் நிறுவனத்தின் ஃபஸ் ஃபேஸ் வந்தது. அதனுள்ளே இரண்டு ஜேர்மானியம் திரான்சிஸ்டர்கள், சில தடைகள், சில கொள்ளளவிகள், அவ்வளவே. அலையின் முடியை மழுங்கச் செய்வதோடு நில்லாது ஏறத்தாழச் சதுரமாகவே அது வெட்டிவிடுகின்றது. அதனால்தான் ஃபஸ்ஸின் ஒலி கிழிந்த ஸ்பீக்கரை நினைவூட்டுகின்றது. ஜிமி ஹென்றிக்ஸ் அதனைக் கையாண்ட விதத்திலே, கிற்றாரிலுள்ள ஒலிக்குமிழைச் சற்றுத் தாழ்த்தினால் இரைச்சல் தெளிவதும் உயர்த்தினால் குமுறுவதும் கலைஞனின் சுண்டுவிரலுக்கு அடங்கியிருந்தன.

ஓவர்டிரைவ் பெட்டிகள் பிந்தியவை. பெரிதும் யப்பானில் உருவானவை. 1977இல் பொஸ் ஓடி-1, அதன் பின் 1979 அளவில் ஐபனெஸ் நிறுவனத்தின் ரியூப் ஸ்கிரீமர். இவற்றிலே இருவாயிகள் பெருக்கியின் பின்னூட்ட வழியில் வைக்கப்படுகின்றன. அலை வெட்டப்படுவதில்லை, வளைந்து பணிகின்றது. தாழ்ந்த சுரங்களைச் சற்றுக் குறைத்து, ஏறத்தாழ 700 மீடிறனை அண்டிய நடுப்பகுதியை ரியூப் ஸ்கிரீமர் முன்னே தள்ளுகின்றது. ஃபஸ் உடைந்த கருவியின் ஒலியைப் போலச் செய்கின்றது என்றால், ஓவர்டிரைவ் போலச் செய்வது இன்னும் உடையாத, ஆனால் வருத்தப்படும் கருவியின் ஒலியை. டெக்சாசின் ஸ்டீவி ரே வோன் அதன் கரகரப்புக் குமிழைத் தாழ்த்தி, ஒலிக்குமிழை உயர்த்தி, உரத்து ஒலித்த வால்வு அம்பிளிபயரை மேலும் உந்துவதற்கே அதனைப் பயன்படுத்தினார்.

இனி மாணவனின் வினாவுக்கு வரலாம். சிறிய வால்வு அம்பிளிபயர் உள்ளவனுக்குப் பெடல் முதலில் தேவையே இல்லை. குமிழைத் திருகிப் பார்க்கட்டும். அயலார் பொறுக்கமாட்டார் எனின், அல்லது கையிலுள்ளது திரான்சிஸ்டர் அம்பிளிபயர் எனின், ஓவர்டிரைவ் ஒன்று போதும். பட் ஹெயரின் வழியை நாடுவோனுக்கு அதுவே நெருங்கியது. ஃபஸ் வேண்டுமெனில் அதனை வேறெந்தப் பெட்டிக்கும் முன்னதாகக் கிற்றாருடன் நேரே இணைக்க வேண்டும்; இன்றேல் குமிழுக்கு அது இணங்கி நடவாது. ஜேர்மானியம் வெப்பத்துக்கு ஏற்பக் குணம் மாறுவது. எங்கள் நாட்டுப் பங்குனி, சித்திரை மாதங்களிலே சிலிக்கன் திரான்சிஸ்டரே நம்பத்தக்கது. பழமை என்ற பெயரால் விலையை ஏற்றுவோரிடம் அவன் ஏமாற வேண்டாம். 1994இல் வெளிவந்த குளோன் சென்டோர் என்னும் ஓவர்டிரைவ் பெட்டி இன்று சேகரிப்போரிடையே பல ஆயிரம் டொலருக்குக் கைமாறுகின்றது. 910 டொலருக்குக் கைமாறிய பாட்டை அவன் மறவாதிருந்தால் நன்று.

பெடல்களாற் பெருகிய செல்வத்திலே அவ்வொலியை முதலில் எழுப்பியோருக்குக் கிடைத்த பங்கு அற்பம். அதனினும் கசப்பானது 1968இல் நிகழ்ந்தது. வெள்ளையின இளைஞரின் சந்தையைக் கருதி, செஸ் நிறுவனம் மடி வாட்டர்ஸைக் கொண்டே 'எலெக்ட்றிக் மட்' என்ற இசைத்தட்டை ஆக்கிற்று. ஃபஸ் பெடல்கள் இரைய, தம் சொந்தப் பாட்டுகளை அவர் அதன் நடுவே நின்று பாடினார். அத்தட்டை அவர் விரும்பவில்லை என்பது அவர் பின்னர் அளித்த செவ்விகளால் தெரிகின்றது. அதிலே வாசித்த பீற் கோசி போன்ற கறுப்பினக் கலைஞரின் ஆற்றலை நான் குறைத்துரைக்கவில்லை. பிற்காலத்தோர் சிலர் அதனைப் போற்றுவதற்கும் காரணமுண்டு. ஆயினும் தம் கையிலே தேவையாற் பிறந்த ஒலி, பெட்டியில் அடைபட்டு, கடல் கடந்து சென்று திரும்பி, இப்படித்தான் நீ ஒலிக்க வேண்டும் என்று தமக்கே கட்டளையிடுவதை அவர் கேட்டார்.

1977இல் ஜொனி வின்ரர் தயாரித்த 'ஹார்ட் அகெய்ன்' தட்டிலே மடி வாட்டர்ஸ் தம் பழைய முறைக்கு மீண்டார். பருத்திப் பாட்டைப் பாடிய ஜேம்ஸ் கொட்டன் அதிலே மௌத் ஓர்கன் வாசித்தார். கூடத்தில் எல்லோரும் ஒருங்கிருந்து, ஒருவர்க்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே வாசித்தனர். ஓடி-1 பெட்டி யப்பானிலே விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.