முறைவைத்து ஆடும் பாத்திர விளையாட்டுகள்: காவிரிப் படுகை ஆட்டக்காரருக்கான தேர்வு

முறைவைத்து ஆடும் பாத்திர விளையாட்டு என்பது, கதையில் வரும் ஒருவரையோ ஒரு குழுவையோ ஆட்டக்காரர் ஏற்று நடத்தி, சண்டையில் தன் முறை வந்ததும் யோசித்து ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கும் வீடியோ கேம் வகை. ஆடுகிறவர்கள் டர்ன் பேஸ்டு ஆர்பிஜி என்றே சொல்கிறார்கள். விரல் வேகத்துக்கு இதில் வேலை குறைவு. ஒரு நகர்வுக்குக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் எதிரி அசையாமல் நிற்பான்.

அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டுதான் இதன் வேர். 1981இல் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டும் அந்த முறையைக் கணினித் திரைக்குக் கொண்டுபோயின. அவற்றைப் பார்த்து ஜப்பானில் யூஜி ஹோரி 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தார். அடுத்த ஆண்டே ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வந்தது. இன்று கடையில் கிடைக்கும் இந்த வகைக் கேம்களில் பெரும்பாலானவை இவற்றின் வாரிசுகள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இந்த வகை அந்நியமானதல்ல. திண்ணையிலும் கூடத்திலும் ஆடிய தாயத்திலும் ஆடுபுலியிலும் பல்லாங்குழியிலும் இதன் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. புகழையும் விருதையும் படத்தின் அழகையும் வைத்துக் கேம்களைப் பரிந்துரைப்பதே வழக்கமாகிவிட்டது. அதைவிட, வீட்டு ஆட்டத்தில் ஒருவருக்கு எந்த இடத்தில் மனம் துள்ளியது என்று கேட்டுவிட்டுச் சொல்வதே சரியான வழி. இக்கட்டுரை அந்த வழியில் போகிறது.

பூவனூர்

முறைவைத்து ஆடும் ஆட்டத்துக்கென்று ஒரு கோயிலே படுகையில் இருக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் உள்ள திருப்பூவனூரில் இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். அப்பர் பாடிய தலம். தலபுராணத்தின்படி, திருநெல்வேலி அரசர் ஒருவர் தாமிரபரணியில் தாமரைமேல் கிடந்த சங்கை எடுக்க, அது பெண்குழந்தையானது. ராஜராஜேஸ்வரி என்று பேர் வைத்து வளர்த்தார்கள். சதுரங்கத்தில் அவளை வெல்ல ஆளில்லை. வெல்கிறவருக்கே பெண் என்று அரசர் அறிவித்தார். கோயில் கோயிலாக வழிபட்டு வந்த அவர்கள் பூவனூரில் தங்கியபோது சிவபெருமான் முதியவர் வேடத்தில் வந்து ஆடி, ஜெயித்து, மணந்துகொண்டார்.

44ஆவது செஸ் ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்தபோது, அதன் தொடக்க விழாவில் பிரதமர் மோடி இக்கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார். அதன் பிறகு ஊர்ப்பெயர் வெளியிலும் பரவியது.

சதுரங்கத்தில் மனம் தோய்ந்தவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது ‘ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்’. 1997இல் வந்தது, 2025இல் புதுப்பித்த பதிப்பும் வந்துவிட்டது. கட்டம் போட்ட களம், மேடு பள்ளம், முதுகுப்புறம் நின்று அடித்தால் கூடுதல் பலன், அரியணைக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு தரப்பு. கதை கனமானது. அவசரமாகப் படித்தால் யார் எந்தப் பக்கம் என்பதே நழுவிவிடும்.

தாயம்

நீளமான பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒன்றில் புள்ளி இல்லை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை என்றால் தாயம். இரண்டுமே வெறுமை என்றால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவர் மறுபடி உருட்டலாம். 16இல் 6 பங்கு வாய்ப்பு. ஆனால் காய் இறங்கத் தாயமே வேண்டும், அதற்கு 16இல் 2தான். சராசரியாக எட்டு முறை உருட்டினால்தான் ஒருமுறை விழும். மற்றவர்கள் கட்டம் கட்டமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் வேதனை தாயம் ஆடிய எல்லாருக்கும் தெரியும். பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒருபக்கம் கல்லில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்துக்கொள்வார்கள்.

தாயத்தின் உயிர் மறு உருட்டலில் இருக்கிறது. எதிராளியின் காயை வெட்டினாலும் இன்னொரு ஆட்டம் உண்டு. பல வீடுகளில் ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போய்ப் பழம் எடுக்க முடியாது. தொடர்ந்து ஆறும் பன்னிரண்டும் விழுந்து, ஒரே மூச்சில் ஆட்டத்தின் போக்கே மாறுகிற அந்த நிமிடத்துக்காகத்தான் விடிய விடிய ஆடுகிறார்கள்.

அந்த நிமிடம் பிடித்தவர் கேட்டால் யோசிக்காமல் ‘ஷின் மெகாமி டென்செய்’ வரிசையைச் சொல்லலாம். 2003இல் வந்த அதன் மூன்றாம் பாகத்திலிருந்து ஒரு விதி நிலைத்திருக்கிறது. குழுவில் நான்கு பேர் என்றால் நான்கு முறை. எதிரியின் பலவீனம் எதுவென்று பார்த்து, நெருப்புக்கு அஞ்சுபவனை நெருப்பால் அடித்தால், அந்த அடிக்குப் பாதி முறைதான் செலவாகும். எல்லா அடியும் அப்படியே விழுந்தால் நான்கு முறை எட்டாகிவிடும். குறி தப்பினால் இரண்டு முறை போச்சு. எதிரி திருப்பி அடிக்கக்கூடிய தாக்குதலைத் தெரியாமல் ஏவிவிட்டால் மொத்த முறையும் பறிபோகும். தாயத்தில் கட்டை தரும் மறு ஆட்டத்தை இங்கே அறிவு தருகிறது. தாயம் ஆடி வளர்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான விதி எந்த வீடியோ கேமிலும் கிடையாது. தொடங்க 2024இல் வந்த ‘ஷின் மெகாமி டென்செய் 5: வெஞ்சன்ஸ்’ போதும். இன்னும் இலகுவாக, பள்ளிக்கூட வாழ்க்கையோடு சேர்த்து வேண்டுமென்றால் ‘பெர்சோனா 5 ராயல்’. பலவீனம் பார்த்து எதிரியை வீழ்த்தினால் அதிலும் உடனே இன்னொரு அடி கிடைக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த வரிசையில் உலகத்துத் தெய்வங்கள் பலவும் வருகின்றன. சிவனும் விஷ்ணுவும்கூடப் போரில் எதிரியாகவோ துணையாகவோ நிற்கிறார்கள். தினம் கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கித் தருவதானால், பெரியவர்கள் இதை அறிந்தே வாங்குவது நல்லது.

ஆடுபுலி

மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் வெட்டும் 23 புள்ளி. தமிழகத்துப் பழைய கோயில்களின் கல்தளத்திலும் மண்டபத்திலும் யாரோ எப்போதோ கீறி வைத்த இந்த முக்கோணக் கட்டத்தை இன்றும் காணலாம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆட்டை வைப்பார். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி முதலிலிருந்தே நகரும். பக்கத்தில் ஆடு, அதற்கு நேர் பின்னால் காலிப் புள்ளி என்றால் தாண்டி வெட்டும். இரண்டு ஆடு அடுத்தடுத்து நின்றால் தாண்ட முடியாது. ஆட்டுக்காரர் செய்ய வேண்டியது மூன்று புலியையும் நகர இடமின்றி அடைப்பது.

இரு தரப்புக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு. சதுரங்கத்தில் இல்லாத சுவை இது. பழகாதவர்கள் புலியைக் கேட்டு வாங்குவார்கள். வெட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வெற்றி. நன்றாக ஆடத் தெரிந்தவர் ஆட்டைத்தான் எடுப்பார். ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் இன்னோர் ஆடு இருக்கும்படி வைத்துக்கொண்டே வந்தால், புலிக்கு வெட்டவும் இடமிருக்காது, ஒதுங்கவும் இடமிருக்காது. பதறிப்போய் ஓர் ஆட்டை நடுவில் வைத்தால் அதிலிருந்தே கட்டு அவிழும்.

புலிப் பக்கம் விரும்புகிறவருக்கு 2018இல் வந்த ‘இன்டு தி பிரீச்’ இருக்கிறது. எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்றே இயந்திர வீரர்கள், எதிரே நிலத்தடியிலிருந்து கூட்டமாகக் கிளம்பும் பூச்சிகள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதைக் கேம் முன்னதாகவே காட்டிவிடும். அவனை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, அவன் அடியை அவன் கூட்டாளிமேலேயே விழ வைப்பதில்தான் திறமை. வீரர்களுக்கு அனுபவம் கூடினாலும் பெரிய கதை கிடையாது. ஆகையால் இதை முழு ஆர்பிஜி என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஆடுபுலி ஆடியவர் கையில் இதைக் கொடுக்காமல் இருப்பது தவறு.

ஆட்டுப் பக்கம் நிற்பவருக்கு ‘ஃபயர் எம்பிளம்’. 1990 முதல் வரும் வரிசை. 2019இல் வந்த ‘த்ரீ ஹவுசஸ்’ புதியவருக்கு வசதியானது. அதன் கிளாசிக் முறையில் செத்தவர் செத்தவர்தான், அடுத்த சண்டைக்கு எழுந்து வர மாட்டார். யாரையும் தனியே விடாமல், ஒருவருக்கு இன்னொருவர் துணையாக நிற்கும்படி நகர்த்தத் தெரிந்தால் எல்லாரையும் கரைசேர்க்கலாம்.

பல்லாங்குழி, பரமபதம்

ஏழேழாகப் பதினான்கு குழி. அள்ளிய முத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு, குழிக்குரியவருக்குச் சொந்தம். குழிகளைப் பார்த்த பார்வையிலேயே கைச்சுற்று எங்கே முடியும் என்று சொல்லிவிடும் பாட்டிமார்கள் உண்டு.

சேமித்து வைத்துச் சரியான நேரத்தில் இறக்கும் இந்தக் கணக்கு பிடித்தால் ‘பிரேவ்லி டிஃபால்ட்’ பிடிக்கும். 2012இல் வந்த இதில் தன் முறையைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கலாம். அல்லது வரப்போகும் முறைகளைக் கடனாக எடுத்து ஒரே நேரத்தில் நான்கு செயல் செய்யலாம். கடன் தீரும்வரை எதிரியின் அடியை வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனத்துக்குக் காத்திருந்து, வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்று முன்கூட்டியே கணக்குப் போடும் விவசாயி இந்த விதியைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் தேர்வுக்கு இடமே இல்லை. எல்லாம் கட்டை விட்ட வழி. அதற்கு ஈடாக ஒரு கேமைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை.

பாத்திரம்

மேலே சொன்னவை ஆட்டத்தைப் பற்றியவை. இந்த வகையின் இன்னொரு பாதி, வேறொருவராக ஒரு நாட்டைச் சுற்றுவது. படுகை மக்களுக்கு அந்த இன்பம் 1950இல் கல்கி எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் கிடைத்தது. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் வந்தியத்தேவன். ஒப்படைக்க வேண்டிய ஓலை மடியில் இருக்கிறது. கடம்பூர், குடந்தை சோதிடர் வீடு, தஞ்சைக் கோட்டை, பழையாறை, கோடிக்கரை என்று ஊருக்கு ஊர் ஆள் சேர்கிறார்கள், பகையும் சேர்கிறது. ஒரு நல்ல ஆர்பிஜியின் வரைபடமே இது. இந்த நாவலை இரண்டாவது முறை படித்தவருக்கு ‘டிராகன் குவெஸ்ட் 11’ (2017) கொடுக்கலாம்: நேரான கதை, ஊர் ஊராகப் பயணம், மனதில் நிற்கும் தோழர்கள். வந்தியத்தேவனின் வாய்ச்சாமர்த்தியம் பிடித்தவருக்கு ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023). பெல்ஜியத்தில் உள்ள லாரியன் நிறுவனம் செய்தது. காவலனை ஏய்க்கலாம், கெஞ்சலாம், வெட்டலாம். இருபது முக தாயக்கட்டை திரையில் உருண்டு பலிக்குமா என்று சொல்லும். பெரியவர்களுக்கான காட்சிகள் உள்ள கேம் என்பதால் சிறுவர் கையில் கொடுப்பது கூடாது.

தமிழ் வாடையோடு ஒன்று வேண்டுமென்றால் 2023 நவம்பரில் வந்த ‘தர்ஸ்டி சூட்டர்ஸ்’. ஜாலா என்ற பெண் சொந்த ஊருக்குத் திரும்பி, தன் பழைய காதலர்களோடு முறைவைத்துச் சண்டை போட்டு மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்கிறாள். அப்பா இலங்கைக்காரர், அம்மா இந்தியர், எல்லாரும் அஞ்சும் பாட்டி ஒருத்தி. அதே ஆண்டு கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, கனடா சென்ற தமிழ்த் தாய் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் செய்வதைச் சொல்வது. அதில் சண்டையோ முறையோ இல்லை. ஆனால் தமிழ் வீட்டைத் திரையில் அவ்வளவு உண்மையாகக் காட்டிய வேறு கேம் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலையே கட்ட வேண்டும் என்கிறவர் ஆர்பிஜியைத் தாண்டி வர வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டு. அதில் சோழர் ஒரு நாகரிகமாக இடம்பெற்றிருக்கிறார்கள். இராசராசன் 1010இல் முடித்த பெருவுடையார் கோயில் அதில் கட்டக்கூடிய அதிசயங்களில் ஒன்று. கடற்படைக்குக் கலம் என்ற கப்பலும் உண்டு.

வாங்குமுன்

கன்சோல் இல்லாதவர் மொபைலிலேயே தொடங்கலாம். ‘ஃபைனல் ஃபேண்டஸி’யின் முதல் ஆறு பாகங்கள், ‘டாக்டிக்ஸ்’, 1995இன் ‘க்ரோனோ ட்ரிகர்’, பழைய ‘டிராகன் குவெஸ்ட்’கள் எல்லாம் மொபைலில் கிடைக்கின்றன. ஒருமுறை காசு கொடுத்து வாங்குபவை இவை; நடுவில் மின்சாரம் போனாலும் ஆட்டம் கெடாது. ‘கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33’ (2025) பேரழகான கேம், ஆனால் எதிரி அடிக்கும் கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும், நிதானத்துக்காகவே இந்த வகைக்கு வந்தவருக்கு அது ஒத்துவராமல் போகலாம்.

இங்கே சொன்ன பெரிய கேம்களை ஆங்கிலத்தில்தான் ஆட வேண்டியிருக்கும். ‘பால்டர்ஸ் கேட் 3’, ‘பெர்சோனா 5’ இரண்டுக்கும் நாவல் படிக்கும் அளவு ஆங்கிலம் வேண்டும். படிக்கும் சுமை குறைவாக வேண்டும் என்கிறவருக்கு ‘இன்டு தி பிரீச்’. அதற்கடுத்து, நேரான கதை உள்ள ‘ஃபைனல் ஃபேண்டஸி’ முதல் பாகம்.